யார் நீ, எந்த ஊர், எப்படிச் செத்தாய்?

பேய் குடியிருக்க இங்கிலாந்தில் ஒரு வீடு வேண்டும். பழைய மாளிகை, பாதிரியார் இல்லம், நூற்றாண்டு கடந்த மதுக்கடை, இடிந்த மடாலயம் என்று அந்நாட்டுக் கிராமப் பேய்கள் பலவற்றுக்கும் முகவரி உண்டு. எஸ்ஸெக்ஸ் வட்டாரத்தில் போர்லி என்ற சிற்றூரில் 1863 வாக்கில் எழும்பிய பாதிரியார் இல்லம் இதில் பேர்போனது. கன்னியாஸ்திரீ ஒருத்தியின் ஆவி அதன் தோட்டத்தில் நடமாடுவதாகப் பேச்சு. ஹாரி பிரைஸ் என்ற ஆவி ஆராய்ச்சியாளர் 1937-இல் அந்த வீட்டையே ஓராண்டு வாடகைக்குப் பிடித்து, விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்து, முறைபோட்டுக் காவல் இருக்கச் செய்தார். 1939-இல் வீடு தீப்பிடித்து எரிந்தது. மறு ஆண்டே புத்தகம் வந்துவிட்டது. ஆவி ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த மூவர் 1956-இல் அந்தப் புத்தகத்தின் சான்றுகளை அலசி, தேறாது என்று ஒதுக்கினார்கள். வீடும் போயிற்று, ஆதாரமும் போயிற்று. போர்லிக்குப் பேய் பார்க்க வருகிறவர்கள் மட்டும் குறையவில்லை. கென்ட் பகுதியின் பிளக்லி கிராமத்தை இங்கிலாந்திலேயே பேய்கள் மிகுந்த ஊர் என்று 1989-இல் கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. அந்த ஊர்ப் பேய்களின் கணக்கு பன்னிரண்டு. பேய் அங்கே ஊரின் சொத்து, சுற்றுலா வருமானமும்கூட.

ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் சுற்றியுள்ள ஊர்களில் இந்தக் கணக்கு செல்லாது. நம் பக்கத்துப் பேய் வீட்டுக்குள் இருப்பதில்லை. ஏரிக்கரை, கலங்கல், பாழுங்கிணறு, சுடுகாட்டுப் பாதை, தரிசு, ஊர் எல்லையில் நிற்கும் ஒற்றைப் புளியமரம்: அதன் இடமெல்லாம் ஊர் முடிகிற இடம். நேரமும் இரண்டு. நடுநிசி எல்லா நாட்டுப் பேய்க்கும் பொது. உச்சி வெயிலில் அலையும் பேய் நம்முடையது. ‘உச்சிப் பொழுதுல தனியா போகாதே, காத்து கருப்பு அண்டிடும்’ என்று கேட்டு வளராத வடதமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண் அரிது. பங்களாவுக்குள் படிக்கட்டில் இறங்கி வரும் பேயை நமக்குப் பழக்கியது சினிமாதான்.

வீட்டில் செத்தவர்கள் என்ன ஆகிறார்கள்? சுமங்கலியாகவோ கன்னியாகவோ போய்ச் சேர்ந்த பெண் பழைய தென்னார்க்காடு, வடஆர்க்காடு, செங்கல்பட்டுப் பகுதிக் குடும்பங்களில் பூவாடைக்காரி ஆகிறாள். கல்யாணத்துக்கு முன் அவளுக்குப் புடவை வைத்துப் படைக்க வேண்டும். பம்பைக்காரர்களை வரவழைத்து, நீர்நிலைக்குப் போய் அவளை அழைத்து, கலசத்தில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, யார் மேலாவது இறங்கி வாக்குச் சொன்ன பிறகே தாலி கட்டுகிற குடும்பங்கள் உண்டு. அதாவது, உரிமை கொண்டாட ஆள் இருக்கிற சாவு தெய்வமாகிறது. உரிமை கொண்டாட ஆளில்லாமல் அகாலத்தில் போன சாவு எல்லையில் பேயாக நிற்கிறது. பேய்க்கும் தெய்வத்துக்கும் நடுவே உள்ள வேறுபாடு குணத்தில் இல்லை. செத்தவருக்கு யார் பொறுப்பு என்பதில் இருக்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றவை அதற்கான சான்றுகள்.

சுமைதாங்கிக் கல் முதல் சான்று. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியில்லாமல் சுமையை இறக்கி வைத்து, இளைப்பாறி, மறுபடி ஏற்றிக்கொள்ளத் தோதான உயரம். கர்ப்பிணியாக இருக்கும்போதோ பிரசவிக்க முடியாமலோ இறந்த பெண்ணின் நினைவாக வைப்பது அது. இறக்கி வைக்காத சுமையோடு போனவள், ஊரார் சுமையையெல்லாம் இறக்கி வைக்கட்டும் என்பது அதன் ஏற்பாடு. நாட்டார் நம்பிக்கையில் மிகவும் அஞ்சப்படும் ஆவிகளில் ஒன்று பிள்ளையோடு செத்தவளின் ஆவி. அதே சாவை வழிப்போக்கர்களுக்குப் பயன்படும் ஒரு கல்லாக மாற்றத் தெரிந்திருக்கிறது இந்தச் சமூகத்துக்கு. சில கற்களில் அவள் பெயரும் வைத்தவர் பெயரும் ஆண்டும்கூட வெட்டியிருக்கும். அவளுக்கு அரசு வைத்த கல்வெட்டு வேறு கிடையாது.

கல் கிடைக்காத சாவுகளைப் பற்றித் தெரிந்துகொள்ள, பேயோட்டும் சடங்கைப் பார்க்க வேண்டும். தென்னார்க்காட்டுப் பகுதியில் கள ஆய்வு செய்து இசபெல் நபோகோவ் 2000-இல் வெளியிட்ட நூல் இதை விரிவாகப் பேசுகிறது. பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் புதிதாக வாழ்க்கைப்பட்ட இளம்பெண்கள். பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் ஆசை தீராமல், காதல் கைகூடாமல், தற்கொலை செய்துகொண்ட இளைஞர்கள். ஊருக்கு வெளியே தனியாகப் போன இடத்தில் ‘பயந்துக்கிட்டாள்’ என்பதுதான் தொடக்கம். பம்பையும் உடுக்கையும் முழங்க, பேயைப் பேச வைப்பார்கள். பேசினால், பேர் சொல்லவேண்டும், ஊர் சொல்லவேண்டும், செத்த விதம் சொல்லவேண்டும், என்ன கொடுத்தால் போவாய் என்பதற்கும் பதில் சொல்லவேண்டும். எல்லாம் முடிந்து, அவள் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு புளியமரத்துக்கு ஓடுவாள். உச்சி முடியில் ஒரு கற்றையை அறுத்து மரத்தில் ஆணி அடித்துவிடுவார்கள். கணவன் வீட்டில் ஒட்டாத பெண்ணை மறுபடி அந்த வீட்டுக்குள் சேர்க்கும் சடங்கு என்பது நபோகோவின் வாசிப்பு. அது சரிதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்தக் கேள்விகள். யார் நீ, எந்த ஊர், எப்படிச் செத்தாய்? காவல் நிலையத்தில் சந்தேக மரணத்துக்கு எழுதும் விசாரணை அறிக்கையிலும் இதே மூன்று கேள்விகள்தான் முதலில் வரும். உயிரோடு இருந்தபோதும் செத்தபோதும் யாரும் விசாரிக்காத ஓர் ஆளை, ஒரு பெண்ணின் வாய் வழியாக ஊர் கூடி விசாரிக்கிறது. அந்தப் பெண்ணையும் வேறு எந்த நேரத்திலும் ஊர் இவ்வளவு கூர்ந்து கேட்பதில்லை.

இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் போக முடியாது. வேப்பிலை அடி எப்போது உண்மையான அடியாகும் என்பதற்கு வரம்பு கிடையாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்து செத்தார்கள். பேய் என்றும் பில்லி என்றும் சொல்லி உறவினர்கள் அழைத்துவந்து விட்ட ஊர் அது. பேய்க்கதையை அழகு பார்க்கிற யாரும் அந்த எண்ணை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திருவள்ளூர் வழியாக நாற்பது கிலோமீட்டர் அளவில் திருவாலங்காடு. தமிழ்ப் பேய்களுக்கு ஒரு தலைநகரம் குறிக்கச் சொன்னால் நான் இந்த ஊரைத்தான் குறிப்பேன். அழகிய உடம்பை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையார், ஆலங்காட்டுச் சுடலையையும் அங்கே பிணம் தின்னும் பேய்களையும் நேரில் கண்டவர்போல் பாடியிருக்கிறார். அவர் தலையால் நடந்த தலம் என்று மிதிக்கத் தயங்கி ஞானசம்பந்தர் ஊருக்கு வெளியே தங்கினார் என்று சேக்கிழார் எழுதுகிறார். சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் இன்று தொழிற்சாலைப் பேருந்துகள் ஓயாமல் கடக்கிற ஊர். திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில்தான் நீலியின் வழக்கு நடந்தது. அதை வழக்கு என்று சொல்வதுதான் பொருத்தம்.

கதைக்குப் பல வடிவங்கள். சாரம் ஒன்று. கணவனால் கொல்லப்பட்ட பெண், அவன் மறுபிறவியில் வணிகனாகப் பழையனூர் வரும்போது பின்தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேளாளர் சபைக்குப் போய், இவன் என் கணவன், என்னைக் கைவிட்டு ஓடப் பார்க்கிறான் என்று முறையிடுகிறாள். அவன் இவள் பேய் என்கிறான். பிள்ளை அவனிடம் ‘அப்பா’ என்று தாவுகிறது. சபை அவளை நம்புகிறது. அவன் கையிலிருந்த மந்திர வாளை வாங்கி வைத்துக்கொண்டு, இவளால் உனக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம் என்று உறுதி கொடுத்து இருவரையும் ஒரே அறையில் தங்க வைக்கிறது. விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்தில் இந்த வஞ்சத்தைக் குறிப்பிடுவதால், கதை அதற்கும் முந்தியது. வேளாளரின் வாக்குத் தவறாமைக்குச் சான்றாகவே நெடுங்காலம் இதைச் சொல்லிவந்தார்கள். பேய் சொல்லும் பொய் என்றுதான் ‘நீலிக் கண்ணீர்’ வழக்கில் நிலைத்தது. ஆனால் முதல் கொலையைக் கவனியுங்கள். அதை விசாரிக்க எந்தச் சபையும் கூடவில்லை. கணவனைப் பற்றி அவள் சொன்னதில் பொய் இருந்தது. குறையில் பொய் இல்லை. நீதி கிடைக்காத பெண் பேயாக வந்து பழிவாங்குவது நம் சினிமாவில் இன்றுவரை வற்றாத கதையாக இருப்பதற்கு வேர் பழையனூரில் இருக்கிறது.

இங்கிலாந்தும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. தற்கொலை செய்துகொண்டவர்களைக் கல்லறைத் தோட்டத்தில் சேர்க்காமல் நாற்சந்தியில் புதைத்து, சில வேளை உடம்பில் முளை அடித்தும் வைத்தார்கள். 1823-இல் சட்டம் போட்டு நிறுத்தும்வரை இது நடந்தது. ஊர் எல்லையில், வழி பிரியும் இடத்தில், முளையோடு அறைந்த பிணம். நம் புளியமரத்து ஆணிக்கு இது தூரத்துச் சொந்தம். இன்னொரு செய்தி இதைவிடச் சுவையானது. 1642 அக்டோபரில் எட்ஜ்ஹில் என்ற இடத்தில் மன்னர் படைக்கும் நாடாளுமன்றப் படைக்கும் போர் நடந்தது. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில், செத்த படைகள் இரவில் வானத்தில் மறுபடி மோதுவதாக இடையர்கள் சொன்னார்கள். மன்னர் முதலாம் சார்லஸ் அதிகாரிகளை அனுப்பி விசாரிக்கச் செய்தார். அவர்களும் கண்டோம் என்று சத்தியம் செய்தார்கள். அது துண்டுப் பிரசுரமாக அச்சேறியது. ஓர் அரசு பேயை விசாரிக்கக் குழு அனுப்பியது வரலாற்றில் அடிக்கடி நடப்பதல்ல.

நம் பக்கத்து எட்ஜ்ஹில் புள்ளலூர், காஞ்சிபுரத்துக்கு அருகே. பல்லவ மகேந்திரவர்மன் இங்கே பகைவரை வென்றதைக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று இதே களத்தில் ஹைதர் அலி, திப்பு படைகள் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை நொறுக்கின. மறு ஆண்டு இன்னொரு போர். ஊருக்குப் பக்கத்து வயல்வெளியில் இரண்டு தூண்கள் நிற்கின்றன. இரண்டும் இரண்டாம் போரில் இறந்த ஆங்கில அதிகாரிகளுக்கு. கம்பெனிக்காகச் செத்த சிப்பாய்களுக்கும் ஹைதருக்காகச் செத்தவர்களுக்கும் கல் இல்லை. பரணி பாடிய புலவர்கள் போர்க்களத்தில் பேய்களைக் கூழ் சமைத்து உண்ண விட்டது வெறும் கற்பனை அலங்காரம் என்று எனக்குத் தோன்றவில்லை. எண்ணி மாளாத சாவுக்கு மன்னனின் கணக்கில் இடமில்லை. பேயின் பசியில் இருந்தது.

இந்த எல்லைகளின் மேல்தான் தொழில் வழித்தடம் வந்து உட்கார்ந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-இல் மூடிக்கொண்டு போனது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டெய்ம்லர். சிப்காட் பூங்காக்களுக்கு வேண்டிய நிலத்தில் பட்டா வயலோடு தரிசும் புறம்போக்கும் மேய்ச்சல் வெளியும் சேர்ந்தே போயின. பேயின் குடியிருப்பு என்று மேலே அடுக்கிய இடங்களின் பட்டியலும் ஏறக்குறைய அதுதான். கொள்ளிவாய்ப் பிசாசு முதலில் போயிருக்கும். சதுப்பில் மக்கும் பொருளிலிருந்து எழும் வாயு எரிவதால் தெரியும் வெளிச்சம் அது என்பது பொதுவான விளக்கம். இங்கிலாந்தின் கிழக்குச் சதுப்பு நிலங்களைப் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து வடித்து வயலாக்கிய பிறகு அங்கும் அந்த வெளிச்சம் அருகிப்போனது. ஏரிக்கு நீர் வரும் கால்வாய் அடைபட்டு, பக்கத்தில் சோடியம் விளக்கும் வந்துவிட்டால், நம் பிசாசுக்கும் அதே கதிதான்.

நிலத்துக்குக் கீழேயும் செத்தவர்கள் இருந்தார்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டம் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் மண்டிய நிலம். கல்வட்டங்களையும் கற்பதுக்கைகளையும் பாண்டவர் குழி என்றும் குள்ளர் வீடு என்றும் ஊரார் சொல்லி, பெரும்பாலும் தொடாமல் விட்டார்கள். அந்த அச்சம் ஈராயிரம் ஆண்டு காவல் காத்தது. மண் அள்ளும் இயந்திரத்துக்கு அந்த அச்சம் இல்லை. ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்காலக் கருவிகளும், ரோமானிய மதுச்சாடி ஓடுகளும் கிடைத்தன. தோண்டாமலே தளம் போட்டு மூடிய ஏக்கர்களுக்குக் கீழே என்ன இருந்தது என்பதற்கு இனி விடையில்லை.

முனி மட்டும் தப்பித்தார். முனி ஓடும் தடத்தில் வீடு கட்டாதே என்பது பழைய எச்சரிக்கை. அதே முனி, வேலைக்குப் போகிறவனோடு பெட்டி கட்டிக்கொண்டு புறப்படுகிறவரும்கூட. மலேயாத் தோட்டங்களுக்கு முனியாண்டியாகப் போனார். சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயில் 1932-இல் ரயில்வேத் தொழிலாளர்கள் போட்ட குடிசையில் தொடங்கியது. ஆயுத பூசையன்று ரோபோ கைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்கிற தொழிற்சாலை இந்த வழித்தடத்தில் யாருக்கும் வியப்பல்ல.

பெண்களின் கதை வேறு. தொழிற்சாலைச் சட்டம் 1948-இன் 66-ஆவது பிரிவு, இரவு ஏழு மணியிலிருந்து காலை ஆறு மணிவரை பெண்கள் வேலை செய்வதைத் தடுத்து வைத்திருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வசந்தா என்பவர் தொடுத்த வழக்கில் அந்தத் தடை அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்தது. பாட்டி சொன்ன தடையும் சட்டம் சொன்ன தடையும் ஒன்றுதான்: இருட்டில், எல்லையில், தனியாக இருக்காதே. சில ஆண்டுகளிலேயே பத்தொன்பது இருபது வயதுப் பெண்கள் ஆயிரக்கணக்கில், நடுநிசி ஷிப்ட் முடிந்து, ஏரிக்கரையைச் சுற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்தில் தூங்கிக்கொண்டே விடுதி திரும்பினார்கள். பேய் பார்த்துக்கொண்ட வேலையை வார்டனும் வருகைப் பதிவேடும் எடுத்துக்கொண்டன. பேய் இருந்த காலத்தில் பிடிபட்டவளுக்காவது ஓர் இரவு பேச வாய்ப்பிருந்தது.

மலேசியாவில் அந்த வாய்ப்பைத் தொழிற்சாலைக்குள்ளேயே எடுத்துக்கொண்டார்கள். சுங்கை வே தடையற்ற வணிக வளாகத்தில் ஓர் அமெரிக்க மின்னணு ஆலையில் 1975-இல் சுமார் நாற்பது மலாய்ப் பெண்களைப் பேய் பிடித்தது. 1978-இல் நுண்ணோக்கியில் கண் பதித்து வேலை செய்யும் பிரிவில் ஏறக்குறைய 120 பேர். ஆலையை மூன்று நாள் மூட வேண்டி வந்தது. போமோ என்னும் மந்திரவாதியை அழைத்து வளாகத்திலேயே ஆடு வெட்டினார்கள். பேயால் எட்டாயிரம் மணி நேர உற்பத்தி போயிற்று என்று தலைமையகத்துக்கு எப்படி விளக்குவது என விழித்தார் நிர்வாகி ஒருவர். மானுடவியலாளர் ஐவா ஓங் 1987-இல் எழுதிய நூல் இதைத் தொழிற்சங்கம் இல்லாத இடத்தின் எதிர்ப்பாகப் படித்தது. ஆடு வெட்டியது நிர்வாகத்துக்கு மலிவு. வேலை வேகத்தைக் குறைப்பதற்கு ஆகும் செலவு அதைவிடக் கூடுதல். இந்த வாசிப்பை அப்படியே ஸ்ரீபெரும்புதூர் மேல் ஒட்டிவிட நான் தயாரில்லை. இங்கே தொழிலாளர்கள் சங்கம் வைத்துப் போராடியிருக்கிறார்கள். 2024-இல் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தது.

ஆனால் 2021 டிசம்பரை எண்ணிப் பாருங்கள். ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் செத்துவிட்டார்கள், அதை மறைக்கிறார்கள் என்று பேச்சு பரவியது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் பெண்கள் உட்கார்ந்தார்கள். யாரும் சாகவில்லை, சிகிச்சையில் இருந்தவர்கள் உயிரோடு இருப்பதை அதிகாரிகள் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. வதந்தி என்று ஒரே சொல்லில் இதை முடிப்பது எளிது. பக்கத்துப் படுக்கைக்காரி எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல, விடுதியிலும் ஒப்பந்த நிறுவனத்திலும் ஆலையிலும் பொறுப்பான ஓர் ஆள் இல்லாத இடத்தில் பிறந்த கதை அது. அந்தப் பெண்கள் கேட்டதும் பம்பைக்காரர் கேட்கும் கேள்விகளைத்தான்: அவள் யார், எங்கே, என்ன ஆனாள்? ஆலை 2022 ஜனவரியில் மறுபடி திறந்தது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்து வைத்தார். எந்த ஆடு வெட்டும் சடங்கையும்விட இது உருப்படியான பரிகாரம்.

இன்று இந்த வழித்தடத்தில் அகாலச் சாவு மிகுதியாக நடக்கிற இடம் சாலை. சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஒரகடத்தில் கூடுகின்றன. கன்டெய்னர் லாரிக்கும் இருசக்கர வண்டிக்கும் நடந்து போகிறவனுக்கும் ஒரே பாதை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் ஒப்பந்த வேலைக்கு வந்தவன் அடிபட்டுச் செத்தால், உடல் ஊருக்குப் போய்விடும். அவன் செத்த இடத்தில் யாரும் கல் நடுவதில்லை. நடும் உறவு இங்கே இல்லை. ராஜஸ்தானில் பாலி அருகே, மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த ஓம் பன்னா என்ற இளைஞனையும் அவன் ஓட்டிய புல்லட்டையும் நெடுஞ்சாலைத் தெய்வமாக்கிக் கும்பிடுகிறார்கள். கடக்கிற ஓட்டுநர்கள் நின்று வணங்கிவிட்டுப் போகிறார்கள். அவனுக்கு உறவும் ஊரும் பக்கத்திலேயே இருந்தன. அந்தப் புல்லட்டைச் செய்யும் ராயல் என்ஃபீல்டின் ஆலைகள் இப்போது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரிலேயே, 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் பெரிய நினைவிடம் இருக்கிறது. அகாலச் சாவுக்குக் கல் வைப்பது எப்படி என்று அரசுக்குத் தெரியாமல் இல்லை.

சாலையை அகலப்படுத்தும்போது வெட்ட வேண்டிய மரத்தையும் நகர்த்த வேண்டிய மின்கம்பத்தையும் எண்ணுகிறார்கள். கோயிலுக்கு இழப்பீடு பேசுகிறார்கள். சுமைதாங்கிக் கல்லுக்கு உரிமையாளர் கிடையாது. அது ஜல்லியோடு ஜல்லியாகப் போய்விடுகிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் ஒவ்வொரு ஆண்டும் மாணவர்களைக் கள ஆய்வுக்கு அனுப்புகின்றன. தொலைவில் உள்ள கோயிலுக்குப் போகும் முன் தங்கள் ஊர்ச் சாலையோரக் கற்களை அவர்கள் படம் எடுத்து, எழுத்து இருந்தால் படி எடுத்து, அந்தப் பெண்ணின் கதை தெரிந்த கிழவிகளிடம் கேட்டு எழுதி வைக்கட்டும். நெடுஞ்சாலைத் துறை தன் கணக்கெடுப்புப் படிவத்தில் அதற்கு ஒரு வரி சேர்க்கட்டும். உங்கள் ஊர் எல்லையில் அப்படி ஒரு கல் இன்னும் நின்றால், அளவெடுக்கிறவர்கள் வருவதற்கு முன் அதிலுள்ள பெயரை எழுதி வையுங்கள்.